ஏரிக்கு மேலே 1,500 அடி, இடது பக்கம் பள்ளம்: இது எனக்கு ‘மிதமான’ பாதையா?

மாத்தூர்க்காரன் — ஜூன் 8

எல்லோருக்கும் வணக்கம். நான் மாத்தூர். தொட்டிப்பாலம் இருக்கிற மாத்தூர்தான், சென்னைப் பக்கத்து மாத்தூர் இல்லை. வயது 49. மார்த்தாண்டத்தில் ஒரு வங்கியில் கிளார்க் வேலை. இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்ததோடு சரி, இதுதான் முதல் பதிவு.

தங்கை குடும்பம் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தில் ரெனோ என்ற ஊரில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் மூன்று வாரம் அங்கே போகிறேன். தங்கை மாப்பிள்ளை சைக்கிள் பைத்தியம். நானும் காலையில் சைக்கிள் மிதிக்கிறவன் என்று தெரிந்ததும், டாஹோ ஏரிக்கு மேலே ‘ஃப்ளூம் டிரெயில்’ என்று ஒரு மலைப்பாதைக்கு என்னைக் கூட்டிப்போவதாக முடிவே செய்துவிட்டார். ஸ்பூனர் ஏரியில் தொடங்கி, காட்டு வழியாக மார்லெட் என்கிற மலை ஏரிக்கு ஏறி, அதன் கரையோரமாகப் போய், அங்கிருந்து மலையின் இடுப்பில் ஒற்றையடிப் பாதை. மொத்தம் 14 மைல், அதாவது 22 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். “ரொம்ப மிதமான பாதை மச்சான், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்” என்கிறார்.

எனக்குப் பயமே அதுதான். நான் நிஜமாகவே கண்ணை மூடிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மிதிப்பதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. 27.5 இஞ்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் ஷாக் அப்சார்பர் உள்ள மலை சைக்கிள்) வைத்திருக்கிறேன், வயர் டிஸ்க் பிரேக். வாரத்தில் நான்கு நாள் திருவட்டார், குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை அணை வரை போய்த் திரும்புவேன். அதிகாலையில் ரப்பர் தோட்டத்தில் நெற்றி விளக்கோடு பால் வெட்டிக்கொண்டிருப்பவர்களைத் தாண்டித்தான் போவேன், அவர்கள் வேலை முடிக்கும்போது நான் திரும்பி வந்துகொண்டிருப்பேன். மழை பெய்தால் அவர்களுக்கும் லீவு எனக்கும் லீவு.

உயரம்தான் பிரச்சினை. வீட்டில் இருந்து நடந்துபோகிற தூரத்தில் தொட்டிப்பாலம். ஊரெல்லாம் பார்க்க வருகிற அந்தப் பாலத்தில் நான் பிறந்ததில் இருந்து மொத்தம் நான்கு தடவைதான் முழுசாக நடந்திருக்கிறேன். 115 அடி உயரம். நடுவில் போனதும் கீழே பறளியாறும் தென்னந்தலைகளும் தெரியும் பாருங்கள், அப்போது பாதம் கூசும், முழங்காலில் இருந்து ஏதோ இறங்கிப்போகிற மாதிரி இருக்கும். மனைவி முன்னால் போக, நான் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் போவேன். சின்னப் பிள்ளைகள் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு என்னை முந்திப் போகும்.

115 அடிக்கே இப்படி என்றால், மச்சான் அனுப்பிய வீடியோவில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவே 1,500 அடி இருக்குமாம். கைப்பிடி இல்லை, ஒன்றும் இல்லை. அதை ‘மிதம்’ என்று எந்த அளவுகோலில் சொல்கிறார்கள்? போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடியாது என்றால் இப்போதே மச்சானிடம் முட்டி வலி என்று சொல்லிவிடுவேன்.


பார்வதிபுரம்_பைக்கர் — ஜூன் 8

பேச்சிப்பாறை ஏரியையே சுற்றி முடிக்காமல் அமெரிக்க ஏரிக்கு எதுக்கு அண்ணாச்சி? 😄


மாத்தூர்க்காரன் — ஜூன் 8

தம்பி, பேச்சிப்பாறையைச் சுற்ற முடிந்தால் நான் ஏன் அணையோடு திரும்பி வருகிறேன்? அந்தக் கரை முழுக்கக் காடு. வனவிலங்கு சரணாலயம். அனுமதி இல்லாமல் போனால் வனத்துறை பிடிக்கும், அவர்கள் பிடிக்காவிட்டால் யானை பிடிக்கும்.


தக்கலைக்காரி — ஜூன் 9

அண்ணா, நான் தக்கலை. 11 வருஷமாக ரெனோவுக்குப் பக்கத்துக் கார்சன் சிட்டியில் நர்ஸ் வேலை. ஃப்ளூம் டிரெயில் எனக்கு வீட்டுப் பின்வாசல் மாதிரி, ஆறு தடவை போயிருக்கிறேன். இதைத் தமிழில் ஒருத்தர் கேட்பார் என்று நினைக்கவே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘மிதம்’ என்ற சொல். அங்கே பாதைகளுக்குக் கடினம் போடுவது பெரும்பாலும் சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான். கல், வேர், படி, சரிவு. இந்த ஒற்றையடிப் பாதை 4 மைலுக்குக் கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட சமதளம். குதிக்க வேண்டியது கிடையாது. அந்தக் கணக்கில் மிதம்தான். பக்கத்தில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்.

இனி வரிசையாக. ஸ்பூனர் ஏரியே கடல் மட்டத்தில் இருந்து 7,000 அடி. அங்கிருந்து நார்த் கேன்யன் என்ற அகலமான மண் ரோட்டில் 5 மைல் ஏற்றம், ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். கடைசி ஒரு மைலில் நான் ஒவ்வொரு தடவையும் இறங்கித் தள்ளித்தான் போயிருக்கிறேன், வெட்கமே பட வேண்டாம். உச்சியில் இருந்து கொஞ்சம் இறங்கினால் மார்லெட் ஏரி. பொதுவாக எல்லோரும் டாஹோவைப் படம் பிடிக்கத்தான் போகிறார்கள், எனக்குப் பிடித்தது மார்லெட். சின்ன ஏரி, சுற்றிலும் மரம், சத்தமே இருக்காது. செப்டம்பர் கடைசி என்றால் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும். நம் ஊரில் ரப்பர் இலை தை மாசம் நிறம் மாறி உதிருமே, அதை இன்னும் பத்து மடங்கு மஞ்சளாக நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரமாவது அங்கே உட்காருங்கள். மச்சான் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

மார்லெட் ஏரியின் சின்ன அணை பக்கத்தில்தான் ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. தெற்கில் இருந்து வடக்கே போகிறீர்கள். மலை வலது பக்கம், டாஹோ இடது பக்கம் கீழே. பாதை நெடுக ஒரே மாதிரி பயம் இருக்காது. பாதிக்கு மேல் மரங்களுக்கு நடுவே போகிறது, கீழே பள்ளம் இருப்பதே தெரியாது. பாறையைச் செதுக்கி எடுத்த சில இடங்களில்தான் திடீரென்று மரம் எல்லாம் விலகி, இடது பெடலுக்குக் கீழே வெறும் நீலம். முதல் தடவை நான் அப்படி ஒரு இடத்தில் இறங்கி, சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் வைத்துக்கொண்டு பாறையை ஒட்டி நடந்தேன். பின்னால் வந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு 70 வயது இருக்கும், அவங்களும் இறங்கித்தான் நடந்தாங்க.

உங்கள் பயத்தைவிட எனக்குக் கவலை காற்று. மாத்தூரில் இருந்து நேராக 8,000 அடி. ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் முக்கால் பங்குதான், ஒவ்வொரு மூச்சுக்கும் ஆக்சிஜன் அவ்வளவு குறைச்சல். பேச்சிப்பாறை மேடு ஏறுகிற கால் அங்கே பாதி மேட்டிலேயே நின்றுவிடும். ரெனோ 4,500 அடி. அங்கே ஒரு வாரமாவது இருந்துவிட்டு, நடுவில் ஒருநாள் டாஹோ கரைக்குப் போய்ச் சும்மா நடந்துவிட்டு, அப்புறம் சைக்கிள். வந்த மூன்றாம் நாளே கூட்டிப்போகிறேன் என்று மச்சான் சொன்னால் நான் சொன்னதாகச் சொல்லித் திட்டுங்கள். நம் ஊர் நேரத்துக்கும் அங்கே நேரத்துக்கும் 12.5 மணி நேரம் வித்தியாசம், பகலும் இரவும் புரண்டு கிடக்கும்போது உடம்பு எதையும் கேட்காது. தலைவலியும் குமட்டலும் வந்தால் அன்றைக்கு ஏற்றம் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மூன்று லிட்டராவது எடுங்கள். நம் ஊரில் சட்டை நனைவதை வைத்துத்தான் எவ்வளவு வேர்த்தது என்று கணக்கு போடுவோம். இங்கே வேர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். நீங்கள் வேர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், நாக்கு அண்ணத்தில் ஒட்டும். முதல் வாரம் மூக்கில் லேசாக ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், வறட்சிதான்.

அப்புறம் பயண இன்சூரன்ஸ். எடுக்கும்போது மலை சைக்கிளுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு என்று ஒரு வரி போட்டு விலக்கி வைத்திருப்பார்கள். இங்கே எலும்பு முறிந்தால் பில்லைப் பார்த்து இன்னொரு எலும்பும் முறியும். நர்ஸ் சொல்கிறேன்.


வடசேரி_செயின் — ஜூன் 9

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, பிரேக்கை விட்டுட்டாங்க. அண்ணாச்சி, நான் 20 வருஷமாக சைக்கிள் கடை. நம்ம ஊர் சைக்கிளில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். அமெரிக்காவில் நேர்மாறு: இடது கைதான் முன் பிரேக். அங்கே வாடகை சைக்கிளை எடுத்து, இறக்கத்தில் ‘பின் பிரேக்’ என்று நினைத்து இடது கையை அழுத்தினீர்கள் என்றால் சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

என் கடையில் ஒருத்தர் லண்டனில் எடுத்த சைக்கிளோடு பழகிவிட்டு வேறு நாட்டில் வாடகைக்கு எடுத்து, முன்பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். உங்களது வயர் டிஸ்க் தானே, கேபிளை மாற்றிப் பூட்ட அரை மணி நேர வேலை. இப்போதே மாற்றிவிட்டு மூன்று மாசம் அப்படியே ஓட்டுங்கள். கைக்குப் பழகிவிடும்.


குலசேகரம்_மேடு — ஜூன் 10

ஒரு கேள்வி அண்ணே. நீங்கள் சைக்கிளில் இருந்து எந்தப் பக்கம் இறங்குவீர்கள்?


மாத்தூர்க்காரன் — ஜூன் 10

இது என்ன கேள்வி தம்பி. எல்லோரையும் போல இடது பக்கம்தான்.

...

ஐயோ.


குலசேகரம்_மேடு — ஜூன் 10

அதேதான். பள்ளமும் இடது பக்கம்தான் என்று அக்கா எழுதியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. சின்ன வயசில் அப்பா சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட காலத்தில் இருந்து நமக்கு இடது கால்தான் தரை. பயந்தால் யோசிக்காமல் அந்தக் கால்தான் போகும். அங்கே அந்தக் கால் போகிற இடத்தில் தரை இல்லை.

எனவே உங்கள் பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: வலது பக்கம் இறங்குவது. வீட்டு முற்றத்தில், ரோட்டில், வங்கி வாசலில், எங்கே நிறுத்தினாலும் வலது கால் ஊன்றுங்கள். ஒரு வாரம் கோமாளி மாதிரி இருக்கும். நான் இன்று காலை குலசேகரம் சந்தையில் செய்து பார்த்தேன், மரச்சீனிக் குவியலில் சாய்ந்துவிட்டேன். அதை விற்றுக்கொண்டிருந்த அக்கா கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

மூச்சுக்கு ஒரு வழி இருக்கிறது. உயரத்தை நம் மாவட்டத்தில் கொண்டுவர முடியாது, காற்றைக் கொண்டுவரலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆரல்வாய்மொழிக்குப் போங்கள். கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தபடி எதிர்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்தால் சமதளமே மலை மாதிரி இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே சீராக மிதிக்கிற பழக்கம் அங்கே வரும். ஆக்சிஜன் குறைவுக்கு அது மருந்து ஆகாது, ஆனால் நெஞ்சு படபடக்கும்போது பதறாமல் இருக்கலாம்.

மணலுக்குச் சங்குத்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். மணலில் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைப் பிடித்துக் கசக்காமல், உடம்பைப் பின்னால் தள்ளிப் பழக வேண்டும். வீடியோவில் கடைசி இறக்கம் முழுக்க மணலாகத் தெரிந்தது.


தக்கலைக்காரி — ஜூன் 10

ஆறு தடவை போயிருக்கிறேன், இந்த இடது கால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தால் நான் முதல் தடவை இறங்கியதும் இடது பக்கம்தான். இப்போது நினைத்து உள்ளங்கை வேர்க்கிறது. தம்பி சொன்னது சரி, கடைசி 3 மைல் டனல் க்ரீக் ரோடு, 1,500 அடி இறக்கம், நிறைய இடத்தில் புட்டுமாவு மாதிரி உதிர் மணல். விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள், மேலே பள்ளத்தில் இல்லை. மேலே எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள்.


சானல்கரை — ஜூன் 12

மக்கா, நான் சைக்கிள் காரன் இல்லை. பொதுப்பணித்துறையில் சானல் லஸ்கராக, அதாவது பாசனக் கால்வாயைக் கவனிக்கிற ஆளாக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் இதைக் காட்டினான். ‘ஃப்ளூம்’ என்றால் என்ன என்று அவனிடம் கேட்டேன். மரத்தால் செய்த நீர்த்தொட்டி, வாய்க்கால் என்றான். அப்புறம் நானே தேடித்தேடி வாசித்தேன், இரண்டு நாள் தூக்கம் போச்சு.

1870-களில் அதே நெவாடாவில் வர்ஜீனியா சிட்டி என்ற ஊரில் வெள்ளிச் சுரங்கம். தோண்டத் தோண்ட வெள்ளி, குடிக்கத் தண்ணீர் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் மார்லெட் ஏரியில் தண்ணீர் இருக்கிறது. அதை மலையின் இடுப்பில் மரத்தொட்டி போட்டு வடக்கே கொண்டுபோய், மலையைக் குடைந்து அந்தப் பக்கம் எடுத்திருக்கிறார்கள். நடுவில் பெரிய பள்ளத்தாக்கு. அதில் இரும்புக் குழாயைக் கீழே இறக்கி, எதிர்மலையில் மறுபடி ஏற்றிவிட்டார்கள். 1873-லேயே. தலைகீழ் சைபன் என்று நாங்கள் சொல்வது. இறங்குகிற தண்ணீரின் பாரமே ஏறுகிற தண்ணீரைத் தள்ளும், மோட்டார் வேண்டாம். அந்த மரத்தொட்டி அழிந்துபோய், அது உட்கார்ந்திருந்த மண் திட்டுதான் உன் சைக்கிள் பாதை.

இதே வேலையை நாம் வேறு விதமாகச் செய்தோம். பட்டணங்கால் என்கிற நம் பாசனக் கால்வாயின் தண்ணீர் பறளியாற்றைத் தாண்ட வேண்டும். குழாயைப் பள்ளத்தில் இறக்காமல், 28 தூண் நிறுத்தித் தொட்டியையே மேலே தூக்கி வைத்தோம். 1966. நீ பயப்படுகிற உன் வீட்டுப் பாலம் அதுதான் மக்கா. அவனுடையதும் தொட்டி, நம்முடையதும் தொட்டி.

நான் சொல்ல வந்தது இது. தண்ணீர் ஓட வேண்டும் என்றால் சரிவு மிக மிகக் கொஞ்சமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கூடினால் கரையை அரிக்கும், குறைந்தால் தேங்கும். அதனால் தண்ணீர் போன வழியில் மேடும் இருக்காது, திடீர்ப் பள்ளமும் இருக்காது. எங்கள் சானல்கரையில் 31 வருஷம் டார்ச் அடித்துக்கொண்டு ராத்திரியில் நடந்திருக்கிறேன், ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் பத்துப் பதினைந்து அடிப் பள்ளத்தில் வாழைத்தோட்டம். பள்ளத்தைப் பார்த்து நடந்தவன் பள்ளத்துக்குத்தான் போவான். நான் எப்போதும் டார்ச்சைப் பத்தடிக்கு முன்னால் கரையின் நடுவில் அடிப்பேன். கண்ணும் அங்கேயே நிற்கும். கால் கண்ணுக்குப் பின்னால் போகும்.

நீ சானல்கரையில் பள்ளம் இடது பக்கம் வருகிற மாதிரி சைக்கிள் விட்டுப் பழகு. மழை முடிந்து பாசி காய்ந்த பிறகு போ. பாலத்தில் சைக்கிள் விடாதே, அங்கே நடந்தால் போதும்.


மாத்தூர்க்காரன் — ஜூன் 12

அண்ணாச்சி, வாசித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நன்றி என்று ஒரு சொல் போதாது. இன்று சாயங்காலம் பாலத்துக்குப் போய் உங்கள் டார்ச்சை மனசில் வைத்துக்கொண்டு நடந்தேன். முக்கால் வாசி போனேன். அதற்குமேல் ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டு வழியை அடைத்திருந்தது என்பதை என் மனைவி சாட்சி சொல்வாள்.


மாத்தூர்க்காரன் — ஆகஸ்ட் 24

கேட்டவர்களுக்காக. வடசேரி தம்பி சொன்னபடி கேபிளை மாற்றிவிட்டேன். வலது கால் இப்போது தானாக இறங்குகிறது. ஜூலையில் சானல்கரையில் பாசி காயும் முன்னாலேயே போய் (அண்ணாச்சி பொறுத்துக்கொள்ளுங்கள்), நல்லவேளை பள்ளத்துப் பக்கம் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் விழுந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காமார் சோப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். ஆரல்வாய்மொழி காற்றில் மூன்று ஞாயிறு. பாலத்தில் இப்போது தினமும் போய் வருகிறேன், நடுவில் ஒருமுறை நின்று கீழே பார்க்கிறேன். பாதம் இன்னும் கூசுகிறது. ஆனால் நடக்கிறது.


மாத்தூர்க்காரன் — அக்டோபர் 14

போய் வந்தேன். எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்கிறேன்.

ரெனோவில் எட்டு நாள் இருந்த பிறகுதான் போனோம், தக்கலைத் தங்கச்சி பெயரைச் சொன்னதும் மச்சான் அடங்கிவிட்டார். காலையில் ஸ்பூனரில் குளிர் விரலைக் கடித்தது. ஏற்றத்தில் முதல் அரை மணி நேரம் நான்தான் முன்னால். அப்புறம் யாரோ நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை வைத்த மாதிரி ஆகிவிட்டது. ஆரல்வாய்மொழியில் பழகிய மாதிரி எண்ணிக்கொண்டே மிதித்தேன். கடைசி ஒரு மைல் தள்ளினேன். தள்ளும்போதும் மூச்சு வாங்கியது, அதுதான் ஆச்சரியம்.

மார்லெட்டில் உட்கார்ந்தோம். தங்கச்சி சொன்னது குறைவு. தண்ணீர் அசையவில்லை, கரையில் மஞ்சள் மரங்கள், தண்ணீருக்குள்ளும் அதே மஞ்சள் மரங்கள். தங்கை பொரித்துக் கொடுத்த ஏத்தங்காய் உப்பேரியைத் தின்றுகொண்டிருந்தேன். அந்த அமைதியில் நான் கடிக்கிற சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

ஒற்றையடிப் பாதை. தொடங்கியதும் மரங்கள்தான், இதற்கா பயந்தோம் என்று நினைத்தேன். ஒரு வளைவு திரும்பியதும் மரம் இல்லை. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. கீழே ஏரி, கரையில் பச்சையாகத் தொடங்கி உள்ளே போகப் போகக் கருநீலம், அதில் ஒரு படகு தீக்குச்சித் தலை அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படகை நான் பார்த்திருக்கக் கூடாது. பாதம் கூசியது, ஹேண்டில் இடது பக்கம் லேசாகத் திரும்பியது, அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நொடியில் வலது கால் பாறைமேல் ஊன்றியிருந்தது. நான் ஊன்றவில்லை, அதுவே போய் ஊன்றியது. பாறையில் தோளைச் சாய்த்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தேன். மச்சான் என்னவோ ஏதோ என்று பயந்து திரும்பி வந்தார்.

அதற்கப்புறம் டார்ச்தான். பத்தடிக்கு முன்னால், பாதையின் நடுவில். இரண்டு இடத்தில் இறங்கி நடந்தேன், மற்றதெல்லாம் ஓட்டினேன். அண்ணாச்சி சொன்ன அந்தத் தண்ணீர்ச் சரிவு உண்மையாகவே காலில் தெரிகிறது. ஒரு இடத்தில் பாதையோரம் துருப்பிடித்த பழைய குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், உங்களுக்காக.

விழுந்தேனா என்றால், விழுந்தேன். தங்கச்சி சொன்ன அதே டனல் க்ரீக் மணலில், கடைசிக்கு முந்தின வளைவில், பதறி இடது பிரேக்கை முழுசாக அழுத்தி. மூன்று மாசம் பழகியும் எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். பதில் கிடைத்தது: சைக்கிளில் மாற்றினேன், ஆனால் தினமும் வங்கிக்குப் போவது மோட்டார்பைக்கில். அதில் முன் பிரேக் வலது கையில்தான். காலையில் ஒரு மணி நேரம் பழகியதை ஒன்பது மணிக்குள் கை மறந்துவிடும். முழங்கையும் முட்டியும் தோல் போனது, வேறு ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் தேவைப்படவில்லை. கடையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பையன் என் முட்டியைப் பார்த்துவிட்டு மணலா என்று மட்டும் கேட்டான்.


வடசேரி_செயின் — அக்டோபர் 14

மோட்டார்பைக்கை நானும் யோசிக்கவில்லை அண்ணாச்சி. தப்பு என் பேரில்தான். கடைக்கு வாங்க, கேபிளைப் பழையபடி மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.


சானல்கரை — அக்டோபர் 15

குழாய் என்ன விட்டம் இருக்கும் மக்கா? ஒரு சாணா, ஒன்றரையா?


மாத்தூர்க்காரன் — அக்டோபர் 15

அளக்கவில்லையே அண்ணாச்சி. ஒன்றரைச் சாண் இருக்கும். ஆணி அடித்து இணைத்த மாதிரி ஓரத்தில் வரிசையாகக் குமிழ் இருந்தது. மச்சானிடம் ஒரு படம் இருக்கிறது, பக்கத்தில் என் செருப்பு வைத்து எடுத்தது. வந்ததும் போடுகிறேன்.